ஒரு பாட்டு, பதினாலு பேழை: திண்டுக்கல் நூலகத்தில் ஒரு நாள்

இந்தத் தளத்தில் நான் வழக்கமாக எழுதுவது அருவி, அணை, மலைப்பாதை பற்றி. இந்த முறை ஒரு நூலகப் பட்டியலைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள். காட்டுக்குள் வழி தவறி மூன்று மணி நேரம் சுற்றியபோதுகூட நான் இவ்வளவு குழம்பியதில்லை.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா அமலியின் மகள் ஜெனிக்குக் கல்யாணம். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஜெனி என்னிடம் வந்து, "சித்தி, அம்மா சின்ன வயசுல பாடின கல்யாணப் பாட்டு கேசட் எங்கயாவது கிடைக்குமா? பூசையில அதைப் போடணும்" என்று கேட்டாள். அக்கா பதினேழு வயதில் திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் தனிக்குரல் பாடியவள். போன ஆண்டு தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் போய்விட்டது. பேச்சு வருகிறது, ஆனால் கரகரவென்று அடித்தொண்டையில் வருகிறது. போன் வந்தால் எடுப்பதில்லை, எல்லாம் வாட்ஸப்பில் எழுத்துதான். இப்போது நாங்கள் இருக்கும் திருச்சியில், கோயிலில் எல்லாரும் பாடும்போது வாயைக்கூட அசைக்காமல் நிற்கிறாள். பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அந்தக் கேசட் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பதினைந்து வயதில், ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்காமல், அதன்மேல் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டைப் பதிந்துவைத்த புண்ணியவதி நான்தான். அக்கா அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது.

பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் எங்கள் பாடகர் குழுவை நடத்திய சூசை மாஸ்டர். பகலில் பள்ளியில் தமிழாசிரியர், மாலையில் கோயிலில் ஆர்மோனியம். ஸ, ஷ, ஜ, ஹ எதையும் தம் பேனாவுக்குள் விடமாட்டார். என் பெயர் ஸ்டெல்லா. அவருடைய வருகைப் பதிவில் நான் கடைசிவரை 'இசுடெல்லா'. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாஸ்டர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் மகனுடைய எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். "அப்பா எழுதின பாட்டு நோட்டு, கேசட்டு எல்லாத்தையும் திண்டுக்கல்லுல ஒரு லைப்ரரிக்குக் குடுத்துட்டோம்" என்றார். இடத்தைச் சொன்னார். பிறகு குரல் மாறியது. "ஆனா அங்க எங்க பேரச் சொல்லாதீங்க. குடுத்த பொருளுக்கு எங்களத் திருடன் மாதிரி ஆக்கிட்டாங்க." என்ன நடந்தது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை 6.10க்குத் திருச்சியில் பேருந்து ஏறினேன். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மணப்பாறையில் ஐந்து நிமிடம் நின்றது, ஜன்னல் வழியே முறுக்கு வந்தது, வாங்கினேன். வடமதுரை தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. 8.30க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையம். பிறந்த ஊர்தானே, கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று இறங்கியவள், வெளியே வந்து இரண்டு நிமிடம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். மலைக்கோட்டை மட்டும்தான் இருந்த இடத்தில் இருந்தது. எதிரில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

"லைப்ரரியாக்கா? பரிச்சைக்குப் படிக்கவா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. இல்லையென்று சொல்லிவிட்டு அடையாளம் சொன்னேன். தலையை ஆட்டினார். இறக்கிவிட்ட இடத்தில் வாசல்வரை செருப்பு குவிந்திருந்தது. உள்ளே இருநூறு பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு நோட்டு என்று கேட்டதற்கு ஒரு பெண் நிமிர்ந்து, பொது அறிவிலா என்று கேட்டாள். திரும்பி வந்தேன், நல்லவேளை ஆட்டோ நின்றது. "லைப்ரரின்னா எல்லாரும் இங்கதானக்கா வாராக!" என்று அவர் என்மேலேயே குறைப்பட்டுக்கொண்டார். சரியான இடம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். மொத்தம் 110 ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

அது ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகம். பெயர் எழுதவேண்டாம் என்று அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது போகப்போகப் புரியும். 9.30க்குத் திறக்கிறது. நூலகர் கிருஷ்ணவேணிக்கு நாற்பது வயது இருக்கலாம். சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறதாம். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏத்தியிருக்குக்கா. செத்த நேரம் உக்காருங்க, எடுத்துருவோம்."

செத்த நேரம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

முதலில் 'இசை' என்று தேடினோம். இசைவுக் கடிதங்கள் பதினாறு வந்தன, நிலத்துக்கும் கட்டடத்துக்கும். 'நோட்டேஷன்' என்று போட்டோம், ஒன்றுமில்லை. 'நோட்டு' என்று போட்டால் அலுவலகத்துக்கு வாங்கிய கோடு போட்ட நோட்டு, கோடு போடாத நோட்டு. 'ஸ்வரம்' இல்லை. 'ஸ்வரக் குறிப்பு' இல்லை. 'கேசட்' இல்லை. 'ஒலிநாடா' இல்லை. 'சூசை' என்று மாஸ்டர் பெயரைப் போட்டதும் சூசையப்பரைப் பற்றிய ஜெபப் புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றன. 'பாடல்' என்று போட்டதில் நானூறுக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நூற்று இருபதாவதில் எனக்கு எதைத் தேடி வந்தேன் என்பதே கலங்கலாகிவிட்டது.

"குடுத்தது உறுதிதானாக்கா?" என்றார் வேணி.

உறுதியாகத்தான் தெரியும். ஆனால் மகன் பெயரைச் சொல்லக்கூடாது என்றிருக்கிறாரே! யார் கொடுத்தார்கள் என்று சொல்லாமல், கொடுத்தார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது புத்தியால் அல்ல. வேணி 'சுருதி' என்று தட்ட ஆரம்பித்தார், 'சு' போட்டதும் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பும்போது கை பட்டு அதையே தேடிவிட்டது. 'சு'வில் தொடங்கும் எல்லாம் அகர வரிசையில் இறங்கியது. சுண்டல் வகைகள், சுதந்திரப் போராட்டம், சும்மா படிக்கச் சில கதைகள். 'சுரங்கம்' என்ற தலைப்புக்கு மேலே ஒரு வரி:

'சுரக் குறிப்புகள் – 3 தொகுதி – கையெழுத்து – மருத்துவம், காய்ச்சல்.'

நானும் வேணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குத்தான் முதலில் பொறி தட்டியது. இசுடெல்லா! ஸ்வரம் என்று அவர் எப்படி எழுதியிருப்பார்? சுரம் என்றுதான். பட்டியல் போட்டவர் சுரத்தைப் பார்த்தார், காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார், மருத்துவத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மாடியில் மூன்றாவது வரிசை. டெங்கு விழிப்புணர்வுக்கும் பாட்டி வைத்தியத்துக்கும் நடுவில் மூன்று தடித்த நோட்டுகள். காலிக்கோ அட்டை, பச்சை மசி, மாஸ்டரின் குண்டு குண்டான எழுத்து. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேணிக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே வெட்கமும்.

பாட்டு எண் 31, எங்கள் கல்யாணப் பாட்டு. வரிக்கு மேலே வரி சரியாகச் சரிகம எழுதியிருந்தார். தலைப்பில் 'கட்டை 5½' என்று இருந்தது. பாட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டை என்பது சுருதியின் அளவு. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடுகிறோம் என்பது. எண் கூடக்கூடக் குரல் மேலே போகவேண்டும். ஐந்தரை என்பது அக்காவின் குரலுக்கு ஏற்றது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பக்கத்தின் அடியில் வேறு மசியில் ஒரு குறிப்பு இருந்தது.

'பதிவு நாள். அமலி – சுரம். கட்டை 4.'

இது எனக்குப் புரியவில்லை. அமலியின் ஸ்வரம், கட்டை நான்கு என்றால்? அவள் நான்கில் பாடி நான் கேட்டதே இல்லை, பதிவு நாளில் நான் அங்கே இல்லை. மாஸ்டர் வேறு யாருக்கோ எழுதவேண்டியதை மாற்றி எழுதிவிட்டார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கட்டினால் படம் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டேன்.

நோட்டு கிடைத்துவிட்டது, கேசட் எங்கே? முதல் தொகுதியின் அட்டைக்குள், கொடுக்கவேண்டிய பொருள்களின் பட்டியலை மாஸ்டர் உயிரோடு இருக்கும்போதே தம் கையால் எழுதி ஒட்டியிருந்தார். 'சுரக் குறிப்புகள் – 3. ஒலிப்பேழை – 14.' கேசட்டுக்கு அவர் அகராதியில் ஒலிப்பேழை! வேணி ஓடிப்போய் 'ஒலிப்பேழை' என்று தேடினார். இல்லை. 'பேழை' என்று தேடினார். ஒன்று வந்தது, புத்தகப் பட்டியலில் அல்ல, மேசை நாற்காலி எல்லாம் இருக்கும் தளவாடப் பட்டியலில்.

'பேழை – 1. (13 பெறப்படவில்லை. கடிதம் அனுப்பப்பட்டது.)'

"இது என்னக்கா கூத்து?" என்றார் வேணி. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற இடத்தில் 'மே.வ.பீ.' என்று மூன்று எழுத்து. பட்டியலை ஏற்றியவர் முத்தையா, இரண்டு வருஷம் முன்பு ஓய்வுபெற்ற எழுத்தர். அவர் போன் அணைந்திருந்தது. பகலில் தோட்டத்தில் இருப்பார், போனை வீட்டில் போட்டுவிட்டுப் போவார் என்றார் வேணி. ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம்.

நாளை வாருங்கள் என்றுதான் வேணி சொன்னார். நாளை என்றால் ஒன்பது நாள்தான் மிச்சம், எனக்குப் பத்திரிகை கொடுக்கும் வேலை வேறு பாக்கி. 12.15க்குப் பழனி சாலையில் போகும் நகரப் பேருந்தில் ஏறிவிட்டேன். பதின்மூன்று கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், பெண்களுக்குக் கட்டணமில்லை. இறங்கி விசாரித்தால் அந்தப் பக்கம் முத்தையா மூன்று பேர். உரக்கடை முத்தையா, ஆட்டுக்கார முத்தையா, லைப்ரரி முத்தையா. நல்லவேளை, பட்டப்பெயரோடு இருந்தார்கள்.

லைப்ரரி முத்தையா கத்திரித் தோட்டத்தில் மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லிலிருந்து பேழையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பதிமூணு பெட்டியும் கிடைச்சிருச்சாம்மா?"

"எந்தப் பெட்டிண்ணே?"

"என்னம்மா, பேழைன்னா பெட்டிதான? பதினாலு பேழைன்னு லிஸ்டு எழுதியிருக்கு. வந்தது ஒத்த அட்டைப்பெட்டி. மிச்சம் பதிமூணு எங்கன்னு கேட்டு நாந்தான் அவுக மகனுக்குக் கடுதாசி போட்டேன். ஒண்ணுக்கு மூணாப் போட்டேன். ஒரு பதிலும் இல்ல."

திருடன் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று மகன் கொதித்தது இதற்குத்தான். "அண்ணே, அந்த ஒரு பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கேசட்டு."

"எத்தனை?"

எண்ணி வைத்தவர்தானே, எண்ணிக்கை தெரியும். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே! அம்புட்டும் பேழையா?" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, ஒரு நல்ல குடும்பத்துக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறாரே என்று கோபமும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

மே.வ.பீ. என்றால் மேல்மாடி வடக்குப் பீரோ. அங்கிருந்தே என் போனில் வேணியைக் கூப்பிட்டோம். அது பூட்டியிருக்கிறது, வந்த நாளாகச் சாவியைக் காணவில்லை என்றார் வேணி. முத்தையா அண்ணன் போனை வாங்கி, "அதுக்குப் பூட்டே கிடையாதும்மா. இடது கதவத் தூக்கி இழு" என்றார். அந்தப் பக்கம் இரும்பு உரசும் சத்தம், பிறகு வேணியின் சிரிப்பு. பூட்டுக்குப் பேர்போன ஊரில், பூட்டில்லாத பீரோவை ஒன்றரை வருஷம் பூட்டிய பீரோ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கேசட்டைப் போட்டுக் கேட்க நூலகத்தில் ஒன்றும் கிடையாது. முத்தையா அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு, வீட்டிலிருந்த தம் டேப் ரிக்கார்டரைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நானும் வாரேன் என்று கிளம்பிவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. பேருந்து வழியெல்லாம் பதிமூணு, பதிமூணு என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

2.40க்கு நூலகம். பெட்டியில் பதினாலு கேசட்டும் இருந்தன. ஒன்பதாவதில் 'மணவிழாப் பாடல்கள்'. பூசணம் இல்லை, நாடா சுருளவில்லை. பென்சிலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போட்டோம். சரசரவென்ற சத்தத்துக்குப் பிறகு மாஸ்டரின் குரல், பாட்டு எண் முப்பத்தொன்று என்று. ஆர்மோனியம். பிறகு அக்கா.

அது அக்காவின் குரல் இல்லை. கரகரவென்று, தணிந்து, வரியின் முடிவில் லேசாக உடைந்து வந்தது. எனக்குத் தெரிந்த அந்த மேலே ஏறும் குரலைக் காணோம்.

"மிசினு இழுக்குதும்மா. செல்லு வீக்கு" என்றார் முத்தையா அண்ணன். அவரே போய் நான்கு பெரிய செல் வாங்கி வந்து மாட்டினார். மறுபடி போட்டோம். அதே குரல்தான். மாஸ்டர் பேசியது மட்டும் அன்று கேட்டதுபோலவே இருந்தது. மெஷின் இழுத்தால் அவர் குரலும் இழுக்க வேண்டுமே? போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து வைத்தேன். கட்டை நான்கு, மயிரிழை பிசகாமல். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அந்தக் குரலுக்காகத்தான் காலையிலிருந்து அலைந்தேன், அது இந்தக் கேசட்டில் இல்லை. இருந்த ஒரே இடத்தில் நான் சினிமாப் பாட்டைப் பதிந்துவைத்தேன் என்றுதான் முப்பத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் இந்தக் கேசட்டின் நகல்தான், அங்கேயும் இருந்திருக்காது. வேணியின் முன்னால் அழுதுவிட்டேன்.

எனக்கு என்ன சமாதானம் சொல்வது என்று தெரியாமல் முத்தையா அண்ணன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "அதான் எழுதியிருக்கேம்மா" என்றார் திடீரென்று. "அமலிக்குக் காய்ச்சல்னு."

"எங்க?"

"இந்தா. அமலி, சுரம்."

"அண்ணே, அது ஸ்வரம். இது பாட்டு நோட்டு. மருத்துவ நோட்டு இல்ல."

"சுரம்னா காய்ச்சல்தாம்மா."

"மூணு நோட்டு முழுக்கச் சுரம்னா ஸ்வரந்தான். இங்க மட்டும் எப்படிக் காய்ச்சலாகும்?"

ஏற்கெனவே ஒரு தப்பில் மாட்டிக்கொண்ட மனிதர், இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று நின்றார். நானும் நின்றேன். வேணி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜுரத்த அவர் எப்படிக்கா எழுதுவாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜ எழுதமாட்டாரே! ஸ்வரமும் சுரம்தான், ஜுரமும் சுரம்தான்.

அந்தப் பக்கத்தின் படத்தையும், பாட்டின் முதல் ஒரு நிமிடத்தையும் அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பதினோரு நிமிடம். அனுப்பியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அப்புறம் போன் அடித்தது. ஒரு வருஷத்தில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்சல்டி" என்றாள் அக்கா. "தொண்டை கட்டிப்போச்சு. வேற யாரையாச்சும் பாட வைங்க மாஸ்டர், நான் வீட்டுக்குப் போறேன்னேன். அவரு விடல."

முத்தையா அண்ணன் சட்டென்று டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். "இன்னும் நிறுத்தலையாம்மா?" என்றார்.

நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வேணி அவர் கையைத் தொட்டு, போனைக் காட்டினார். நானும் அப்போதுதான் கேட்டேன். கரகரப்பு, தணிவு, வரி முடிவில் அந்த லேசான உடைசல் எல்லாம் அதே. கேசட்டில் பாடியதும் போனில் பேசியதும் ஒரே குரல்.

"கட்டையை இறக்கிக்க, பாடுன்னாரு. நாலுல வச்சாரு. பாடிட்டேன்" என்றாள் அக்கா. "மறந்தே போச்சுடி. எம்புட்டு நல்லாருக்கு, இல்ல?"

"நல்லாருக்குக்கா."

"அந்தக் கேசட்டைப் பூசையில போட வேணாம். நீ சீக்கிரம் வா."

5.15க்குப் பேருந்து ஏறி 7.40க்குத் திருச்சியில் இறங்கினேன். வரும் வழியில் மாஸ்டரின் மகனுக்குப் போன் செய்து பதினாலு பேழையின் கதையைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். பிறகு முத்தையா அண்ணனின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்களாம். மன்னிப்புக் கடிதம் ஒன்று முறைப்படி வரும், அது கண்டிப்பாக ஒன்றுக்கு மூன்றாக வரும்.

இப்படிப் பழைய பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லவேண்டும். நீங்கள் சொல்லும் பெயரில் பொருள் இருக்காது, எழுதிவைத்தவர் சொல்லும் பெயரில் இருக்கும். அவர் ஜ எழுதுகிறவரா, ச எழுதுகிறவரா என்பதை முதலில் விசாரியுங்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் போட்டு வரிசையாகப் படியுங்கள், நேரம் ஆகும், ஆனால் தப்பாது. இசை அலமாரியோடு நின்றுவிடாமல் தளவாடப் பட்டியலையும் கேளுங்கள். பட்டியலை ஏற்றியவர் ஓய்வுபெற்றிருந்தாலும் போய்ப் பாருங்கள், கோபத்தோடு போகாதீர்கள். டேப் ரிக்கார்டரும் புது செல்லும் பென்சிலும் கையோடு கொண்டுபோங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்கு மூடுகிறார்கள். எனக்கு அன்று மணப்பாறை முறுக்குதான் மதியச் சாப்பாடு, திண்டுக்கல் போய் பிரியாணி சாப்பிடாமல் வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்னொன்று, மருத்துவத்திலிருந்து அந்த நோட்டுகளை இசைக்கு மாற்றிவிடட்டுமா என்று வேணி கேட்டார். மாற்றிவிடுங்கள் என்றேன். முத்தையா அண்ணன் மட்டும், அந்த ஒரு பக்கத்துக்காகக் காய்ச்சலிலும் ஒரு பதிவு இருக்கட்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். இரண்டிலும் இருக்கிறது, சந்தேகமிருந்தால் தேடிப் பாருங்கள்.

கல்யாணம் போன சனிக்கிழமை நடந்தது. பூசையில் நற்கருணை முடிந்ததும் அக்கா பட்டுப்புடவையோடு எழுந்து, மைக் முன்னால் வந்து நின்றாள். ஜெனிக்கு நாங்கள் சொல்லவில்லை. கேசட்டைப் போடப்போகிறோம் என்று நினைத்து டேப் ரிக்கார்டரைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தாள். எனக்குப் படபடப்பில் கை பழக்கதோஷமாக ஐந்தரைக்குப் போய், முதல் சுருதியை அங்கேயே கொடுத்துவிட்டேன். அக்கா பாடவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கையை இடுப்பளவில் வைத்து, நான்கு விரலைக் காட்டினாள்.